புஜ்ஜியின் தலையில் முப்பத்தாறு கண்ணி

சஹானா பேரிகைக்குப் புறப்பட்ட காலை. ஓசூர் பஸ் நிலையத்தில் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவள், மறுபடியும் இறங்கி வந்து அந்த யானையை என் கையில் கொடுத்தாள்.

“நீயே வெச்சிக்கப்பா. புஜ்ஜிக்கு பஸ்ஸுல வாந்தி வரும்.”

வாந்தி வருவது அவளுக்குத்தான். ஆனால் நான் அதைச் சொல்லவில்லை. ஆறு வயது மகளிடம்கூட எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவன் நான்.

“பத்து நாளு. கீழ போடாத. யாருக்கும் குடுக்காத.”

தலையை ஆட்டினேன்.

“தலைய ஆட்டாத. வாயத் தொறந்து சொல்லு.”

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். சொன்னேன். பெரியம்மா வீட்டில் அவளை விட்டுவிட்டு மாலையில் திரும்ப வேண்டிய என் மனைவி மஞ்சுளா, ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

புஜ்ஜி நீல உல்லன் நூலில் பின்னிய யானை. என் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது. உடம்பைவிடத் தலை பெரிது. கறுப்பு மணிக்கண்கள், கன்னத்தில் ரோஸ் நிற வட்டங்கள், கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு துதிக்கை. மஞ்சுளாவோடு கம்பெனியில் ஒரே லைனில் வேலை பார்த்த செல்வி செய்து கொடுத்தது. செல்வி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வேலையை விட்டு ஊருக்குப் போனபோது, சஹானாவுக்கென்று கொடுத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து சஹானா சாப்பிட்டால் புஜ்ஜியும் சாப்பிடும். சஹானாவுக்கு ஊசி போட்டால் புஜ்ஜிக்கும் போட வேண்டும்.

பஸ் கிளம்பியது. யானையைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போனேன்.

ஒரு நுனி

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். என் வேலை மோட்டார் ரீவைண்டிங். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகின செம்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் கொடுப்போம். தொழிற்பேட்டையைச் சுற்றியிருக்கிற சின்னக் கம்பெனிகளிலிருந்து வரும். போர்வெல் மோட்டாரும் வரும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு, எண்ணுவதற்கு மட்டும் குறைவில்லாத தொழில் இது. நாள் முழுக்கச் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருப்பேன். எண்ணும்போது யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். கூச்சக்காரனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. முடிந்த மோட்டாரில் எந்த நுனியும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. டேப் நுனி, நூல் நுனி, கம்பி நுனி, எதுவாக இருந்தாலும் கண்ணில் பட்டால் கட்டரை வைத்து நறுக்கிவிட வேண்டும். அது உள்ளே சுழல்கிற பாகத்தில் உரசினால் அத்தனை வேலையும் வீண். இது மூளையில் இல்லை, விரலில் ஊறிப்போன பழக்கம்.

அன்று டிபன் எடுக்கப் பையைத் திறந்தேன். புஜ்ஜியின் காதுக்குப் பக்கத்தில் ஒரு நூல் வளையம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சஹானா எங்கேயோ மாட்டி இழுத்திருப்பாள். கட்டர் என் கையிலேயே இருந்தது.

டக்.

நறுக்கிவிட்டு, சுத்தமாகிவிட்டது என்று தடவிக்கூடக் கொடுத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து நாகராஜ் கூப்பிட்டான். அவனும் நானும் சேர்ந்துதான் கடை வைத்திருக்கிறோம். அவன் வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ் (மச்சான் என்பது மட்டும் ‘பாவா’), வருகிறவர்களிடம் கன்னடம்.

“ஏமி பாவா, ஒன் யானைக்கு மூளை வெளிய வந்துடுச்சி!”

ஓடிப்போய்ப் பார்த்தேன். காதுக்குப் பக்கத்தில் எட்டணா அகலத்துக்கு ஓட்டை. வெள்ளைப் பஞ்சு எட்டிப் பார்த்தது. நான் தொட்டதும் பின்னலில் இன்னும் இரண்டு கண்ணி கழன்றது.

கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டேன். நானூற்று நாற்பது வோல்ட்டைக் கையாளுகிற கை.

“பாப்பா வந்தா என்னா சொல்லுவ?” என்றான் நாகராஜ்.

“தெரியல.”

“ரீவைண்டிங் பண்ணிடு. ஒனக்குத் தெரிஞ்ச வேல அது ஒண்ணுதான?”

கிண்டலுக்குத்தான் சொன்னான். எனக்கு அது கிண்டலாகக் கேட்கவில்லை.

வேறொரு யானை

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது அஞ்செட்டி மலையில், நாட்றாம்பாளையம் பக்கம். அங்கே யானையை அழகு என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ராகி முற்றுகிற மாதத்தில் யானை என்ற பேரைக்கூட மெதுவாகத்தான் சொல்வோம்.

ஒரு நாள் காலையில் எங்கள் ராகிக் கொல்லைக்குப் போனபோது வயலில் ராகி இல்லை. அறுத்தது மாதிரியும் இல்லை, மேய்ந்தது மாதிரியும் இல்லை. யாரோ பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. ஈர மண்ணில் வட்ட வட்டமாகக் குழி. அப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு குழிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, முழங்கையை உள்ளே வைத்து அளந்து பார்த்தார்.

“எம்மாம் பெரிய காலுடா. தட்டுக்கூட நசுங்கல பாரு” என்றார். கொல்லை நடுவில் கஞ்சி குடித்துவிட்டுக் கவிழ்த்து வைத்த அலுமினியத் தட்டு அப்படியே இருந்தது. அத்தனை பெரிய உடம்பு அதை மிதிக்காமல் சுற்றிப் போயிருந்தது.

எங்கள் ஒரு வருடச் சாப்பாட்டைத் தின்ற அதே பிராணி, இப்போது நீல நூலில் என் மகளோடு ஒரே போர்வையில் படுத்திருக்கிறது. இதை அப்பாவிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

பிரித்தால்தான் தெரியும்

எரிந்த மோட்டார் வந்தவுடன் யாரும் கம்பியை வெட்டி எறிய மாட்டோம். முதலில் ஓர் அடையாளம் போடுவோம். பிறகு ஒவ்வொரு கம்பிச் சுருளாகப் பிரித்து, எத்தனை சுற்று என்று எண்ணி நோட்டில் எழுதுவோம். டேட்டா எடுப்பது என்று இதற்குப் பெயர். செய்தவன் எங்கே இருக்கிறான், எந்த ஊர்க்காரன் என்பது நமக்குத் தெரியாது. ஆனால் அவன் என்ன செய்தான் என்பதை அவன் கம்பியே சொல்லிவிடும்.

ஓட்டையை மட்டும் தைத்துவிடலாமே என்று மஞ்சுளா கேட்டாள். தைத்துப் பார்த்தோம். யானைக்குக் காயம் பட்டுத் தையல் போட்ட மாதிரி இருந்தது.

“இதப் பாத்தா அவ அழமாட்டா. பேசாம இருப்பா. அதுதான் பயம்” என்றாள் மஞ்சுளா.

அவள் சொன்னது உண்மை. சஹானா கோபம் வந்தால் என்னை மாதிரி. வாயை மூடிக்கொள்வாள். யானையைப் பார்த்துக்கொள் என்று அவள் யாரிடமும் கொடுத்ததில்லை. என்னிடம் கொடுத்தாள்.

நோட்டில் ஏழரை எச்பி மோட்டாருக்கு அடுத்த பக்கத்தில் ‘யானை’ என்று எழுதினேன். தலையை உடம்பிலிருந்து பிரித்தேன். காதையும் துதிக்கையையும் கழற்றி வைத்தேன். பஞ்சை எடுத்தேன். பிறகு மோட்டாருக்குப் போடுகிற மாதிரி, தலையின் பின்பக்கம் கழுத்திலிருந்து உச்சி வரைக்கும் சிவப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். நூலை இழுத்து வரும்போது ஒரு சிவப்புப் புள்ளி வந்தால் ஒரு சுற்று முடிந்தது என்று அர்த்தம்.

கழுத்து முனையைப் பிடித்து இழுத்தேன். பொட்டு பொட்டென்று கண்ணிகள் விட்டுக்கொடுத்தன. எண்ணினேன். பதினெட்டு. சிவப்பு. இருபத்து நான்கு. சிவப்பு. முப்பது. முப்பத்தாறு. பிறகு சுற்றுக்குச் சுற்று முப்பத்தாறு. நான் நறுக்கின இடத்தில் மட்டும் கணக்கு அறுந்தது. மேலேயும் கீழேயும் முப்பத்தாறு இருக்கும்போது நடுவில் வேறென்ன இருக்கும்?

அதற்குப் பிறகு முப்பது. இருபத்து நான்கு. பதினெட்டு. பன்னிரண்டு. ஆறு.

நோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஆறு ஆறாக ஏறி, கொஞ்ச தூரம் சமமாக நடந்து, ஆறு ஆறாக இறங்கியிருக்கிறது. அவ்வளவுதான் அந்தத் தலை. கன்னம் உப்பியிருந்ததே, அது எண். நெற்றி வளைந்திருந்ததே, அதுவும் எண். கூட்டிக்கொண்டே போனால் தட்டு. கூட்டுவதை நிறுத்தினால் கிண்ணம். குறைத்தால் உருண்டை. இத்தனை வருடம் எண்ணியிருக்கிறேன். எண்ணுக்குக் கன்னம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கடைசி ஆறு கண்ணியும் ஒரு சின்ன வளையத்தில் இருந்தன. இழுத்தேன். வளையம் மறைந்தது.

மடியில் நூல் மட்டும் இருந்தது, நூடுல்ஸ் மாதிரி சுருண்டு. பின்னால் வாஷர் போட்ட இரண்டு கண்கள் தரையில் உருண்டன. தலை எங்கேயும் இல்லை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. அப்புறம்தான் பயம் வந்தது.

கொக்கி ஊசி

ஃபேன்சி ஸ்டோரில் நூல் பின்னுகிற கொக்கி ஊசி கேட்டேன். கல்லாவில் இருந்த அம்மா, “யாருக்குங்க? பொண்ணுக்கா?” என்றார். ஆமாம் என்று பொய் சொன்னேன். பழகுவதற்கு ஒரு சின்னச் சிவப்பு நூல் பந்தும் வாங்கிக்கொண்டேன்.

போனில் வீடியோ பார்த்தேன். ஏதோ பாஷை, ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்த வீடியோக்களில் பின்னுகிறவர்களின் முகம் தெரிவதில்லை, இரண்டு கை மட்டும்தான். எனக்கு அது பிடித்திருந்தது. அவர்களும் கூச்சக்காரர்களோ என்னவோ.

சிவப்பு நூலில் இரண்டு நாள் பழகினேன். நுழை, பிடி, இழு, மறுபடி பிடி, இரண்டிலும் இழு. பிறகு நீல நூலை எடுத்தேன். அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டு, முடிச்சை உள்பக்கம் தள்ளி, நோட்டில் இருந்தபடி பின்னினேன். ஒரு கண்ணிகூடத் தப்பவில்லை.

முடித்துப் பார்த்தால் தலை எலுமிச்சம்பழம் அளவு. கல் மாதிரி. கை நிறைய நூல் மீதி. சிவப்புப் புள்ளிகள் தலை முழுக்கச் சிதறி, அம்மை போட்ட யானை மாதிரி இருந்தது.

மஞ்சுளா அதை வாங்கித் தரையில் தட்டினாள். டொக்கென்று சத்தம் வந்தது.

“ஏங்க, இது யானையா, எடைக்கல்லா?”

“எண்ணிக்கை சரியாத்தான் இருக்குது.”

“எண்ணிக்க சரி. கை சரியில்ல. செல்விக்குப் போன் போடுங்க.”

“நீயே பேசேன்.”

“அறுத்தது நானா?” என்று நம்பரை எழுதி என் சட்டைப் பையில் வைத்துவிட்டு அவள் கம்பெனிக்குப் போய்விட்டாள்.

மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் ஒரு ரிங் போனதும் நானே கட் பண்ணினேன். நான்காவது அந்தப் பக்கத்திலிருந்தே வந்தது.

“யாருய்யா அது, சும்மா சும்மா மிஸ்டு கால் குடுக்கது?”

“நான்… யானை…”

“யானையா?”

“மஞ்சுளா வூட்டுக்காரரு. ஓசூரு.”

“ஐயோ அண்ணே! சொல்லுங்க, எல்லாரும் சொகமா?” பின்னால் கைக்குழந்தை ஒன்று சிணுங்கியது.

நடந்ததைச் சொன்னேன். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். சிரித்தாள்.

“நானும் எத்தனையோ பொம்ம போட்டுக் குடுத்திருக்கேன்ணே. எப்படி இருக்குன்னு ஒருத்தரும் போன் போட்டதில்ல. அறுத்துட்டுப் போன் போட்ட மொத ஆளு நீங்கதான்.”

“எத்தன கண்ணின்னு…”

“அது எனக்கே ஞாபகம் இல்லியேண்ணே. கை போன போக்குல போட்டது.”

நான் நோட்டைப் பார்த்துப் படித்தேன். ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு. முடித்த பிறகு, “என் கையி போட்டத நீங்க படிச்சிக் காட்டுதியளே!” என்றாள்.

“ஆனா சின்னதா வருதும்மா. கல்லு மாதிரி.”

“நீங்க இறுக்கிக் கெட்டுவிய, என்ன? மோட்டார்க்காரர்லா. அது கம்பிண்ணே, ஆடக் கூடாது. இது நூலு. அடுத்த கண்ணிக்கு ஊசி போய் வரணும்லா? அதுக்கு எடம் வச்சிப் போடுங்க.”

புள்ளிகள்

மறுபடி பிரித்தேன். எங்கள் தொழிலில் பழைய கம்பியை மறுபடி சுற்றுவதில்லை, எடைக்குப் போட்டுவிடுவோம். இந்த நூல் இரண்டு முறை அவிழ்ந்தும் மறுபடி வர மறுக்கவில்லை.

இடம் வைத்துப் பின்னுவது எனக்கு லேசாக இல்லை. வாழ்க்கை முழுக்க இறுக்கின விரல். ஒவ்வொரு கண்ணியிலும் வேண்டுமென்றே விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடை வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பின்னினேன். கம்பெனி பஸ்ஸில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாகராஜ், “டெலிவரி எப்போ பாவா?” என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

ஐந்தாவது சுற்றிலோ ஆறாவது சுற்றிலோதான் கவனித்தேன். ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. அதற்கு முந்தின புள்ளிக்கு நேர் கீழே. அடுத்த சுற்று. மறுபடி அதற்குக் கீழே, ஒரு கண்ணி தள்ளி. அடுத்தது. அடுத்தது.

நான் பின்னப் பின்ன அந்தக் கோடு தானாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

ஒரு கண்ணிக்கு செல்வி எவ்வளவு நூல் விட்டாளோ, அதே அளவை நானும் விட்டால்தான் புள்ளி அங்கே வரும். நூலில் ஓர் அரிசி அளவு கூடினாலும் குறைந்தாலும் விலகிவிடும். எங்கேயோ அறுநூறு கிலோமீட்டர் தள்ளி, குழந்தையை இடுப்பில் வைத்திருக்கிற ஒரு பெண்ணின் கை, அவள் மறந்தே போன ஒரு நாளின் கை, என் விரலுக்குள் வந்து போய்க்கொண்டிருந்தது. முகம் பார்த்துப் பேசக்கூட எனக்கு வராது. ஆனால் இதை என்னவென்று சொல்வது?

நாகராஜைக் கூப்பிட்டுக் காட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். கோட்டின் மேல் விரலை ஓட்டினான். கிண்டல் எதுவும் வரவில்லை.

“மெஷின்லகூட இப்பிடி வராது” என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். கொடுப்பதற்கு முன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

ஞாயிறு

சஹானா வந்தவுடன் செருப்பைக்கூடக் கழற்றாமல் கையை நீட்டினாள். கொடுத்தேன். அவள் முகர்ந்து பார்த்தாள்.

“வார்னிஷ் வாசன வருது.”

கண்ணைப் பார்த்தாள். காதைப் பிடித்துப் பார்த்தாள். பின்பக்கம் திருப்பினாள். சிவப்புக் கோட்டின் மேல் அவள் பார்வை நின்றது.

“இது புஜ்ஜி இல்ல.”

மஞ்சுளா சமையல் அறையிலிருந்து வெளியே வரவில்லை.

“புஜ்ஜிதான்” என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நறுக்கினது, ஓட்டை, நோட்டு, செல்வி அத்தை, எல்லாம். அத்தனை வார்த்தை தொடர்ச்சியாக நான் அவளிடம் பேசியது அதுதான் முதல் தடவை. சஹானா வாயை மூடிக்கொண்டு கேட்டாள். அந்த மூடின வாய்க்குத்தான் நான் பத்து நாளாகப் பயந்துகொண்டிருந்தேன்.

“பொய். நூலா பண்ணிட்டா புஜ்ஜி செத்துப்போயிருக்கும்.”

எனக்கு வேறு வழி தெரியவில்லை. கொக்கி ஊசியையும் கத்திரியையும் எடுத்து வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். துதிக்கையைத் தைத்திருந்த நூலை மட்டும் வெட்டிக் கழற்றினேன். அதன் நுனியைத் தேடிப் பிடித்து அவள் விரலில் கொடுத்தேன்.

“இழு.”

“வலிக்கும்.”

“எனக்கு ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியும். நான் திரும்பப் போட்டுடுவேன்.”

மெதுவாக இழுத்தாள். ஒரு கண்ணி போனது. என்னைப் பார்த்தாள். இன்னும் இழுத்தாள். பிறகு நிறுத்த முடியாமல் இழுத்தாள், நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசி வளையம் மறைந்ததும் அவள் கையில் ஒரு சுருட்டு நூலும், மடியில் மூக்கில்லாத யானையும் இருந்தன. உதடு கோணியது.

நான் பின்ன ஆரம்பித்தேன். கடை வாசலில் ஊரே பார்க்கப் பின்னின கை, அவள் பார்வையில் தடுமாறியது. இரண்டு முறை கொக்கி நழுவியது. அவள் மூச்சு என் மணிக்கட்டில் பட்டது. ஆறு கண்ணி. வளையத்தை இழுத்தேன். நுனி மூடிக்கொண்டது. இன்னொரு சுற்று. அது கிண்ணமானது. இன்னும் சில சுற்று. வெறும் நூல் கிடந்த இடத்தில் குழாயாக எழும்பி நின்றது துதிக்கை.

சஹானா அதை எடுத்துத் தன் சுண்டுவிரலில் மாட்டிப் பார்த்தாள். ஆட்டினாள். வளைத்தாள். முகர்ந்தாள். அவள் கண் அகலமாக இருந்தது. அந்தக் கண் எனக்குத் தெரியும். நோட்டின் முன்னால் உட்கார்ந்திருந்த அன்று எனக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

தைக்க ஊசியை எடுத்தேன். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

“இரு. இன்னும் கொஞ்சம் நீளமா போடு. இது ரொம்ப நாளா தண்ணி குடிக்கக் கஷ்டப்படுது.”

“நீல நூல் இல்லம்மா. தீந்துபோச்சி. செகப்புதான் இருக்குது.”

யோசித்தாள். யானையைத் தூக்கிக் காதருகில் வைத்துக்கொண்டு எதையோ கேட்டாள். பிறகு எனக்குச் சொன்னாள்.

“பரவாயில்லியாம். காத மட்டும் அடுத்த வருசம் பெருசு பண்ணிக்கலாமாம்.”

சிவப்பு நூலை நீலத்தோடு கட்டினேன். முதல் சுற்றை அவள் எண்ணினாள்.